காலை நாலு மணிக்கு எழுப்பினால்தான் மார்க் வருமா?

பத்தாவது அம்மா:
என் பெண் தமிழ் மீடியம், இந்த வருடம் பத்தாவது. காலாண்டுத் தேர்வில் அறிவியலில் 75-க்கு 41. படிக்காத பெண் இல்லை. இரவு பதினொன்றரை வரை உட்காருகிறாள். புத்தகம் முழுக்க மஞ்சளும் பச்சையுமாக ஹைலைட்டர் கோடு. என் மாமியார், "விடிகாலையில் படித்தது மறக்காது, நாலு மணிக்கு எழுப்பு" என்கிறார். ஒரு வாரம் எழுப்பிப் பார்த்தேன். புத்தகத்தின் மேலேயே தலையை வைத்துத் தூங்கிவிடுகிறாள். தொடர்ந்து எழுப்புவதா, விட்டுவிடுவதா? பிள்ளைகளைப் படிக்க வைத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திண்ணை:
எழுப்புங்கள் அம்மா. நான் எஸ்.எஸ்.எல்.சி எழுதியது 1984-ல். ஒரே அறை, எட்டுப் பேர். எங்கள் அப்பா நாலு மணிக்குத் தண்ணீர் தெளித்து எழுப்புவார். அந்தப் பழக்கம்தான் என்னை அரசு வேலை வரைக்கும் கொண்டுவந்தது. இப்போது பிள்ளைக்குத் தூக்கம் கெடும், மனசு நோகும் என்று ஆளாளுக்குப் பேசுகிறோம். ஒழுங்கு வந்தால் படிப்பு தானாக வரும்.

சாக்பீஸ்:
திண்ணை ஐயா, உங்களுக்கு உதவியது நாலு மணியா, இல்லை அந்த நேரத்தில் வீட்டில் இருந்த அமைதியா? எட்டுப் பேர் உள்ள ஒரே அறையில் வேறு எப்போது படித்திருக்க முடியும்? அன்றைக்கு இரவு ஒன்பதுக்கெல்லாம் விளக்கை அணைத்திருப்பீர்கள். ஒன்பதிலிருந்து நாலு வரை ஏழு மணி நேரம். இந்தப் பெண் பதினொன்றரைக்குப் படுக்கிறாள், நாலுக்கு எழுப்புகிறீர்கள். நாலரை மணி நேரம்தான். 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் சங்கம் 2016-லேயே சொல்லிவிட்டது. நான் 19 வருடமாகப் பாடம் நடத்துகிறேன். முதல் பீரியடில் கண் சொருகும் பிள்ளையிடம் "எத்தனை மணிக்கு எழுந்தாய்?" என்று கேட்டால், பெருமையாக "நாலு மணி மிஸ்" என்று பதில் வரும்.

ஆனால் அம்மா, உங்கள் பெண்ணின் பிரச்சினை தூக்கம் மட்டுமில்லை, அந்த ஹைலைட்டரும்தான். கோடு போட்ட வரியைப் பத்து முறை பார்த்தால் அது பழகிய முகம் மாதிரி ஆகிவிடும். முகம் தெரியும், பெயர் வராது. தேர்வில் கேட்பது பெயரைத்தான்.

2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு கூட்டம் ஒரு பகுதியை நாலு தடவை படித்தது. இன்னொரு கூட்டம் ஒரே தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். அவர்களுக்கு 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ். படித்தவர்களுக்கு நின்றது 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. நம் பிள்ளைகள் இரவு ஒப்பித்துவிட்டுக் காலையில் பதில் வராமல் முழிப்பது இதனால்தான்.

டியூஷன் சார்:
மிஸ், அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகளை வைத்து இங்கே பேசாதீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் 35-ஐத் தாண்டினாலே வீட்டில் கொண்டாட்டம். அவர்களுக்கு மினிமம் மெட்டீரியல்தான் தெய்வம், அதாவது பாஸாக வேண்டியதை மட்டும் தொகுத்த சின்னக் கையேடு. கணக்கில் செய்முறை வடிவியலும் வரைபடமும் இரண்டு எட்டு மார்க், 16 கையில் வந்துவிடும். 14 ஒரு மார்க் வினாக்களுக்குப் புக் பேக்கை, அதாவது பாடத்தின் கடைசியில் இருக்கும் கேள்விகளை, உருப்போட்டால் பாதிக்கு மேல் தேறும். அப்புறம் நாலைந்து ஐந்து மார்க் கணக்குகள். பாஸ். புரிந்து படி, கேள்வி கேள் என்பதெல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்கிற அறிவுரை.

மூணாவது பெஞ்ச்:
சார், நான் அப்படிப் படித்து வந்தவன்தான். பன்னிரண்டாவது இயற்பியலில் 15 ஒரு மார்க் வினாக்கள். புக் பேக்கில் இருந்து வந்ததையெல்லாம் கேள்வியை முழுசாகப் படிக்காமலே டிக் அடித்தேன். பாடத்துக்கு உள்ளிருந்து கேட்டதில் எல்லாம் சறுக்கல். நீட் எழுதினால் இன்னும் மோசம். அங்கே தப்பான விடைக்கு ஒரு மார்க் போகும், நான் பழக்க தோஷத்தில் எல்லாவற்றுக்கும் ஷேட் செய்துவிட்டு வந்தேன். மார்க்கை இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது முறை தயாரானபோது ஒன்றே ஒன்றைத்தான் மாற்றினேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தப்பான கேள்விகளை மட்டும் அதில் எழுதினேன். தெரியாமல் விட்டதா, கேள்வியை அரைகுறையாகப் படித்ததா, அலகை மாற்ற மறந்ததா என்று பக்கத்திலேயே காரணமும். முதல் மாதம் அந்த நோட்டைத் திறக்கவே பிடிக்காது. என் தப்பில் பாதிக்கு மேல் "அரைகுறையாகப் படித்தது" என்று தெரிந்தபோது கோபம்தான் வந்தது. சீட் கிடைக்கவில்லை, அது வேறு கதை. ஆனால் கல்லூரியில் இன்றைக்கும் அந்த நோட்டுதான் என்னைக் காப்பாற்றுகிறது.

சாக்பீஸ்:
டியூஷன் சார், வடிவியலில் 16 எப்படி வருகிறது என்று யோசித்தீர்களா? காம்பஸ் பிடித்து, புத்தகத்தை மூடிவிட்டுத் திரும்பத் திரும்ப வரைய வைக்கிறீர்கள். தப்பினால் அழித்து மறுபடி. நான் சொல்வதும் அதே வேலைதான், நீங்கள் அதை எட்டு மார்க்கோடு நிறுத்திவிடுகிறீர்கள்.

வசதியான வீட்டுப் பிள்ளை என்றீர்கள். எனக்கு அதில்தான் வருத்தம். மெல்லக் கற்போர் பட்டியலில் பெயர் வந்த பையன், அன்றோடு மற்ற பாடங்களைத் திறப்பதில்லை. "எனக்கு இவ்வளவுதான் மிஸ்" என்று அவனே சொல்கிறான். அவன் வாயில் அதைப் போட்டது நாம்.

டியூஷன் சார்:
பிப்ரவரியில் என்னிடம் வந்து சேருகிற பையனிடம் வேறு என்ன சொல்வது மிஸ்? ஜூனில் வந்திருந்தால் நானும் உங்களைப் போல் பேசுவேன். பட்டியல் விஷயத்தில் மட்டும் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிப்ரவரியில் மினிமம் மெட்டீரியல்தான்.

திண்ணை:
எல்லோரும் என் நாலு மணியை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டீர்கள்! அமைதிக்காகத்தான் எழுந்தோம் என்பது சரியாக இருக்கலாம். ஒன்பதுக்குப் படுத்ததும் உண்மை. ஆனால் தினமும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தோமே, அந்தக் கணக்கு உங்கள் ஆராய்ச்சியில் வருகிறதா?

சாக்பீஸ்:
வருகிறது ஐயா. தினமும் ஒரே நேரம் என்பதில் உங்களோடு சண்டையே இல்லை. அது ஏன் நாலாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

பத்தாவது அம்மா:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். இப்போது ஒன்பதரைக்குப் படுக்கிறாள், ஐந்தேகாலுக்கு எழுகிறாள். ஹைலைட்டரை ஒளித்து வைத்துவிட்டேன். ஒரு பகுதியைப் படித்ததும் புத்தகத்தை மூடி, வெள்ளைத் தாளில் எழுத வேண்டும். முதல் நாள் அட்டைப்பூச்சி பாடம். இரண்டு பக்கம் படித்துவிட்டு நாலு வரிதான் எழுத வந்தது. "எல்லாம் தெரியும்மா, எழுத வரலை" என்று அழுதுவிட்டாள். எனக்கும் மனசு கேட்கவில்லை, விட்டுவிடலாமா என்றுதான் நினைத்தேன். மறுநாள் அவளே அதே பாடத்தை எழுதினாள், பதினொரு வரி வந்தது. அட்டைக்கு 33 கண்டம், அதாவது 33 உடல் பிரிவு, என்பதை இனி சாகும்வரை மறக்க மாட்டாளாம். அலகுத் தேர்வில் 25-க்கு 19. பெரிய மார்க் இல்லைதான்.

கேள்வி கேட்பது மாமியார். புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன். அட்டை, முயல் இரண்டையும் முடித்துவிட்டு, "இதையெல்லாமா படிக்கிறீங்க" என்று கேட்டுக்கொண்டே அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

திண்ணை:
மாமியார் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்?

பத்தாவது அம்மா:
நாலு மணிக்குத்தான் ஐயா. எழுந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அன்றைய பாடத்தை முதலில் அவர் படித்து வைத்துக்கொள்கிறார்.