புதுசா வந்த முதலாண்டுப் பிள்ளைகள்: உங்கள் அனுபவம் என்ன?

மலையடிவாரம்:
முதலாண்டு வகுப்புகள் தொடங்கிவிட்டன. புதுப் பிள்ளைகளோடு பழகியவர்கள் சொல்லுங்கள், எப்படி இருக்கிறார்கள்?

நானே ஆரம்பிக்கிறேன். எங்களுடையது அரசு கலைக் கல்லூரி, நான் கணிதம். வருகைப் பதிவு எடுத்தபோது ஒரு பையன் எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்றான். மெட்ரிக் பள்ளியிலிருந்து வந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். மறுநாள் அவனும் "பிரசன்ட் சார்" என்றான். அதற்கடுத்த நாள் ஆளைக் காணோம். சிரித்ததில் மனசு விட்டுப் போச்சோ என்று விசாரித்தால், அதெல்லாம் இல்லை. அன்றைக்கு முகூர்த்தம், மண்டபத்தில் பந்தி பரிமாறப் போயிருக்கிறான். அந்தக் கூலியில்தான் போன் ரீசார்ஜ், தேர்வுக் கட்டணம் எல்லாம். அவன் மட்டுமா? பெட்ரோல் பங்க், ஜவுளிக்கடை, கேட்டரிங் என்று பையன்களில் பலருக்கு ஒரு வேலை இருக்கிறது. "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பே இல்லை" என்று ஸ்டாஃப் ரூமில் அலுத்துக்கொள்பவர்கள், வருகைப் பதிவேட்டையும் முகூர்த்த நாள்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கட்ஆஃப்காரன்:
பொறியியல் கலந்தாய்வு சேவை மையத்தில் உட்காருகிறேன். 2018லேயே எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டது. ஆனாலும் கிராமத்திலிருந்து அப்பாவும் பையனுமாக நேரில்தான் வருகிறார்கள். ஒருவர் வந்ததும் சொன்னார், "கம்ப்யூட்டர் தவிர வேற எதையும் போட்டுராதீங்க சார்." பையன் வாயே திறக்கவில்லை. அப்பா டீ குடிக்கப் போன நேரம் பார்த்து மெதுவாகக் கேட்டான்: "சிவில் எடுத்தா வேலை கிடைக்குமா சார்? அப்பா கொத்தனார். லீவுல நானும் சைட்டுக்குப் போவேன். அந்த வேலை எனக்கு நல்லாத் தெரியும்."

திரும்பி வந்தவரிடம் சொல்லிப் பார்த்தேன். "நான் வெயில்ல நின்னது போதும் சார்" என்று முடித்துவிட்டார். அவர் மேலும் தப்புச் சொல்ல முடியவில்லை. கம்ப்யூட்டர் சார்ந்த பிரிவுகளை மேலேயும் சிவிலைக் கீழேயும் போட்டு அனுப்பினேன். மற்றபடி பெற்றோர் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: பிளேஸ்மென்ட்.

தாழம்பூ:
பெண்கள் கல்லூரியில் வேலை. கல்லூரியில் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று முதல் வாரத்தில் எழுதச் சொன்னேன். பேங்க் எக்ஸாம், டீச்சர், போலீஸ் என்று வழக்கமானதுதான் வந்தது. ஒரு தாளில் மட்டும் ஒரே வரி: "மூணு வருஷம் வீட்ல கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டாங்க." அதை எழுதிய பெண்ணுக்கு எந்தப் பாடம் கிடைத்தாலும் சரிதான்.

2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்ததிலிருந்து, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அந்த வரியை எழுதிய பெண்ணின் கணக்குக்கு வரும் பணம் பெரும்பாலும் அம்மாவின் குழுக்கடன் தவணைக்குப் போய்விடுகிறது. கேட்டபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. அவளோ சிரித்துக்கொண்டே, "அதனாலதான் மேடம், நிறுத்திடலாம்னு அப்பா சொன்னா அம்மா எனக்காக சண்டை போடுறாங்க" என்றாள்.

சாக்பீஸ்:
எல்லோரும் உருக்கமாக எழுதுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். தனியார் கல்லூரியில் இருக்கிறேன். 2022ல் சேர்ந்த செட்டைப் பற்றிச் சொன்னால் நானே பரிந்து பேசுவேன். கொரோனாவால் 2020ல் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்து, பதினொன்றில் ஆல் பாஸ், பிளஸ் டூதான் அவர்கள் எழுதிய முதல் பொதுத் தேர்வு. மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதவே தடுமாறினார்கள்.

இப்போது வருகிறவர்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது. ஆனால் முதல் யூனிட் தொடங்கும் முன்பே, "இதுல இம்பார்ட்டன்ட் கொஸ்டின் எது சார்?" புத்தகம் வாங்கவில்லையா என்றால், "பிடிஎஃப் இருக்கு சார்." அதைத் திறந்து பார்த்த ஆளைத்தான் தேடுகிறேன். வசதியான வீடு, ஏழை வீடு என்று இதில் வித்தியாசமே இல்லை.

புதுவரவு:
கட்ஆஃப்காரன் அண்ணா, ஒரு சந்தேகம். தம்பி ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளிதான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் ஹாஸ்டல் பீஸும் நாங்கள் கட்ட வேண்டாமா?

கட்ஆஃப்காரன்:
வேண்டாம். பொறியியலுக்கு 2021லிருந்து அந்த ஒதுக்கீடு இருக்கிறது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. ஆனால் கலந்தாய்வு வழியாகத்தான் சேர வேண்டும். மேனேஜ்மென்ட் சீட்டை எடுத்துவிட்டு அப்புறம் கேட்டால் கிடைக்காது. பள்ளியில் படித்ததற்கான சான்றை இப்போதே வாங்கி வையுங்கள்.