மறு: மறு: 'அசெண்டிங் நோடு' – கணுவா, ராகுவா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தேவிபட்டினம் மாணவர்களுக்கான வானோக்கு வகுப்பின் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போவதால், செயற்கைக்கோள் தெற்கிலிருந்து வடக்கே நிலநடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியான 'அசெண்டிங் நோடு' என்பதற்கு, 'ஏறு கணு', 'ராகு' எனக் குழுவில் வந்த தமிழ்ச் சொற்களில் எதை ஏற்பது என்று இந்த வாரமே முடிவு செய்தாக வேண்டும். 1957 அக்டோபர் 4 அன்று ஏவப்பட்ட முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக், நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 65 பாகை சாய்ந்த பாதையில் 96 நிமிடத்துக்கு ஒருமுறை புவியைச் சுற்றியது. அதற்குள் புவி தன்னச்சில் திரும்பிவிடுவதால், அது தெற்கிலிருந்து வடக்கே நிலநடுக்கோட்டைக் கடக்கும் இடம் சுற்றுக்குச் சுற்று ஏறத்தாழ 24 பாகை மேற்கே தள்ளிப் போனது. போதாக்குறைக்கு, புவியின் நடுப்பகுதி சற்றுப் பருத்திருப்பதால் பாதையின் தளமே நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 பாகை மேற்கே பின்வாங்கியது. இன்று பார்த்தவர் நாளை எப்போது, எத்திசையில் பார்ப்பது என்று கணிக்க அந்தக் கடக்கும் புள்ளிதான் பிடி.

ராகு என்றே வைக்கலாம் என்ற பரமக்குடி நண்பரின் வாதத்தை எளிதில் தள்ள முடியாது. நிலவு சூரியனின் பாதையை வடக்கு நோக்கிக் கடக்கும் புள்ளிதான் ராகு. கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தை, அதாவது நவக்கிரகக் கற்களைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு அது பழகிய பெயரும்கூட. ஆனால் பெற்றோர் இராகு காலம் பார்த்துச் செயற்கைக்கோளைத் தேடுவார்கள். வடமொழி வேண்டாமென்று நிகண்டிலிருந்து 'கரும்பாம்பு' கொணர்ந்தவருக்கு: நிலவைப் பாம்பு விழுங்குவதாகக் கிரகணத்தைச் சொல்லும் 'திங்களைப் பாம்புகொண் டற்று' என்ற குறள் நானும் படித்ததுதான். செயற்கைக்கோள் நடுவானில் மறைவதோ புவியின் நிழலில் நுழைவதால். அதற்கும் இப்புள்ளிக்கும் தொடர்பில்லை.

'கணு' என்ற சொல் இயற்பியலின் நிலையலைப் பாடத்திலும் கரும்பிலும் இருப்பதால் குழப்பம் வரும் என்பதை நான் ஏற்கவில்லை. என் தடையெல்லாம் 'ஏறு கணு' என்பதிலுள்ள 'ஏறு' மீதுதான். ஏறுகிறது என்றால் உயரம் கூடுகிறது என்றே மாணவர் கொள்வர். ஸ்புட்னிக் ஏறத்தாழ 215 கி.மீ.க்கும் 940 கி.மீ.க்கும் இடையே உண்மையிலேயே ஏறி இறங்கியதால் குழப்பம் இரட்டிக்கும். ஆகவே 'வடமுகக் கணு', 'தென்முகக் கணு' எனப் பரிந்துரைக்கிறேன்.

மறுமொழி:

ஐயா, கணு மேற்கே நகர்கிறது என்று நீங்களே எழுதிவிட்டு, மேற்கே போவதை வடமுகம் என்பது எப்படிப் பொருந்தும்? வடக்கே செல்வது செயற்கைக்கோளேயன்றிக் கணுவன்று. இருப்புப்பாதையைச் சாலை வெட்டும் இடத்தை இலங்கைத் தமிழர் 'கடவை' என்பதால், 'வடகடவை' என்பதே என் முன்மொழிவு. பெரும்பான்மையினர் கணு என்கிறீர்கள், அப்படியே அச்சாகட்டும். என் மறுப்பை மட்டும் பதிந்துகொள்ளுங்கள்.