ட்ரெய்ல்ஸ் வீடியோ கேம் வரிசையை எங்கே தொடங்குவது? இன்னும் உறுத்துகிற அந்த ஒரு காட்சியைச் சொல்லுங்கள்

வாலிமார்

கோல்ட் ஸ்டீல் 2. கடைசிச் சண்டை முடிஞ்சாச்சு, இனி பேர்ப்பட்டியல் ஓடும்னு நினைக்கிற நேரத்துல கிராஸ்பெல் நகரத்துக்கு அடியில ஒரு சுரங்கம், அதுக்குள்ள ஜீரோ, அஷூர் கேம்களோட ஆட்களான லாய்டும் ரிக்ஸியாவும். எந்த அத்தியாயம்னு ஆடினவங்களுக்குத் தெரியும். அவங்க ரெண்டு பேரையும் நாமதான் நடத்தணும். நடத்திக்கிட்டே போனா முடிவுல எதிர்ல வந்து நிக்கிறது ரீன். ரெண்டு கேம் முழுக்க நாம வளர்த்த ஆளு. அவனை நாமளே அடிக்கணும்.

அஷூர் ஆடிட்டு வந்தவங்க மனசு அந்தச் சண்டையில முழுக்க லாய்டு பக்கம் நிக்கும், ரீன் மேல கோபமே வரும். ஆடாம வந்தவங்களுக்கு "யாரு இந்த ரெண்டு பேரும், எதுக்கு ஒளிஞ்சுக்கிட்டு அலையறாங்க?"ங்கிறதோட சரி.

இந்தக் கோளாறு வெளியீட்டு வரிசையால வந்தது. ஜப்பான்ல ஜீரோ 2010, அஷூர் 2011, அப்புறம்தான் கோல்ட் ஸ்டீல் 2013. ஆங்கிலத்துல கோல்ட் ஸ்டீல் 1 2015 கடைசியிலயும் 2 அடுத்த வருஷமும் வந்துடுச்சு. ஜீரோ 2022, அஷூர் 2023. நடுவுல ஜியோஃப்ரண்ட் ரசிகர் குழுவோட மொழிபெயர்ப்புதான் கைகொடுத்தது, பின்னாடி அதிகாரபூர்வ வெளியீடும் அதை வச்சுத்தான் வந்தது. "எங்க வேணா தொடங்கு"ங்கிற பேச்சு அந்த இடைவெளியில பொறந்தது. இப்போ எல்லாமே ஆங்கிலத்துல இருக்கு. இன்னமும் அதையே சொல்லிக்கிட்டிருக்கிறது ஏன்?

கார்னேலியா_பதினொன்று

ஸ்கை முதல் பாகம், வரிசையின் முதல் கேம். கிரான்செல் கோட்டை, அரசியின் மேல்மாடம், லோரன்ஸ்.

நம் குழுவில் நாயகி எஸ்டெல், ஷெரசார்ட், குளோ மூவர் மட்டும். ஜோஷுவா கோட்டையின் வேறொரு பக்கம். முகமூடி அணிந்த லோரன்ஸ் வாளை உருவுகிற விதத்திலேயே தெரிந்துவிடும், இதுவரை பார்த்த கொள்ளையர்கள், படைவீரர்கள் வரிசையில் வருகிறவன் அல்ல இவன் என்று. தோற்றாலும் கதை தொடரும். ஆனால் தோற்றே ஆக வேண்டும் என்றும் இல்லை, ஜெயிக்க முடியும். ஜெயித்த பிறகும் அவன் முகத்தில் தோற்றவனின் சாயலே இருக்காது. அதுதான் உறுத்துவது. அவன் யார், ஏன் அத்தனை நிதானம் என்பதற்கு இரண்டாம் பாகத்தில்தான் பதில்.

ஜெயிக்க வேண்டுமென்றால் நல்ல வழி எர்த் கார்டு என்ற மந்திரம். அடுத்து விழும் ஓர் அடியை முழுதாக விழுங்கிவிடும், எஸ்-கிராஃப்ட் என்ற உச்ச அடியையும் சேர்த்து. ஒருவர் வேலையே அதைப் போட்டுக்கொண்டிருப்பதுதான். ஓர் அடி பட்டதும் கவசம் போய்விடும் என்பதை மறந்து, மூவரையும் தாக்குதலுக்கு அனுப்பினால் அடுத்த முறை அவன் கை ஓங்கும்போது எல்லாம் முடிந்தது.

வாலிமார் சொன்னதோடு எனக்கு உடன்பாடுதான், ஆனால் அவர் பாதியில் நின்றுவிட்டார். கிராஸ்பெல் கதைக்கு முன்பு ஸ்கை கேம்களின் லிபெர்ல் கதை இருக்கிறது. 2004-ல் ஃபால்காம் நிறுவனம் எங்கே தொடங்கியதோ, அங்கே தொடங்குங்கள்.

டர்போ_பட்டன்

தல, லோரன்ஸ் வர்றது முதல் பாகத்தோட கடைசிக் கால்வாசியில. ஸ்கை 1 சுமாரா 40 மணி நேரம். அதுக்கு முன்னாடி ரோலென்ட்ல பூனை தேடுறது, போஸ்ல காணாமப்போன பயணிக் கப்பல், ரூவான்ல பள்ளி நாடகம். புதுசா வர்றவன் போஸ் அத்தியாயத்துலயே மூடிட்டுப் போயிடுவான். "கடைசி நல்லாருக்கும் பொறு"ன்னு சொல்லி யாரையும் உள்ள இழுக்க முடியாது.

எனக்கு உறுத்துற காட்சி கோல்ட் ஸ்டீல் 1 தொடக்கம். பேரு தெரியாத பசங்க ஒரு கோட்டைக்குள்ள ஓடுறாங்க, சண்டை போடுறாங்க, திடீர்னு அறுத்துட்டு அஞ்சு மாசம் பின்னாடி ரயில்ல உக்காந்திருக்கிற ரீன்கிட்ட கொண்டு வந்து விடுறான். அந்த இடத்துக்கு எப்பப்பா திரும்பி வருவோம்னு காத்துக்கிட்டேதான் அந்தப் பள்ளிக்கூட மாசங்கள் நகரும். அதுவும் மெதுவான கேம்தான், ஒத்துக்கறேன். ஆனா தூண்டில் முதல்லயே போட்டாச்சு.

2017-ல வந்த பிசி பதிப்புல டர்போ இருக்கு. நடக்குறது, சண்டை ரெண்டும் வேகமாகும்.

பதினைந்தாம்_கதவு

ஸ்கை மூன்றாம் பாகம், நட்சத்திரக் கதவு 15. ஆடியவர்களுக்கு எண்ணே போதும்.

ஆடாதவர்களுக்கு: மூன்றாம் பாகத்தில் ஊர்கள் கிடையாது. ஒரு மாய உலகம், அதில் ஆங்காங்கே கதவுகள். நிலாக் கதவு நீண்ட கிளைக்கதை, நட்சத்திரக் கதவு குறுங்கதை, சூரியக் கதவு சிறு விளையாட்டு. பல கதவுகள் உரிய ஆளை அழைத்துப் போனால்தான் திறக்கும். பெரும்பாலானவற்றைத் திறக்காமலேயே கேமை முடித்துவிட முடியும். அங்கேதான் ஆபத்து. "இது வெறும் உபகதை, தாண்டிவிடலாம்" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். சூரியக் கதவுகளைத் தாண்டுங்கள், ஒன்றும் குறையாது. 15-ஐத் தாண்டாதீர்கள். குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமை பற்றியது, அந்த எச்சரிக்கையோடு உள்ளே போங்கள்.

ஏன் என்றால், ஜீரோவில் அந்தக் கதைக்குரிய சிறுமி ரென் ஒளிந்திருந்து ஒரு தம்பதி பேசுவதைக் கேட்கிற காட்சி வருகிறது. கதவு 15-க்குப் பிறகு அதைப் பார்த்தால் ஒவ்வொரு வாக்கியமும் எங்கே போய்க் குத்துகிறது என்று தெரியும். இல்லாமல் பார்த்தால் யாரோ இருவர் பழைய துயரத்தைச் சொல்கிறார்கள், ஒரு சிறுமி கேட்கிறாள், அவ்வளவுதான்.

"ஜீரோ தனிக்கதை, புதுக் குழு, அங்கேயே தொடங்கலாம்" என்பது லாய்டைப் பொறுத்தவரை உண்மை. எஸ்டெலும் ஜோஷுவாவும் கிராஸ்பெல்லுக்கு ஏன் வந்தார்கள் என்பதைப் பொறுத்தவரை பொய்.

ஆர்கிஸ்_கோபுரம்

வாலிமார் சொல்ற அளவுக்கு வரிசை இறுக்கமானது இல்ல ப்ரோ. கோல்ட் ஸ்டீல் 1-ஐயும் அஷூரையும் எந்தப் பக்கமிருந்தும் ஆடலாம், அதுக்குச் சாட்சி ஒரே ஒரு நாள்: கேம் நாட்காட்டியில 1204 ஆகஸ்ட் 31.

அஷூர்ல அன்னிக்கு கிராஸ்பெல்ல வர்த்தக மாநாடு. அண்டை நாட்டுத் தலைவர்கள் ஆஸ்போர்ன், ராக்ஸ்மித் ரெண்டு பேரும் ஆர்கிஸ் கோபுரத்துக்குள்ள, லாய்டு குழு காவலுக்கு. வான்கப்பல்ல தாக்குதல் வருது. கோல்ட் ஸ்டீல் 1-ல அதே நாள், எல்லைக்கு அந்தப்பக்கம் கேரீலியா கோட்டை. அங்க இருக்கிற ரயில் பீரங்கிகள் அந்தக் கோபுரத்தைக் குறி வச்சுத் திரும்புது. நம்ம டர்போ சொன்ன தொடக்கக் காட்சி இதுதான். ரீன் குழு நிறுத்தலேன்னா கோபுரம் காலி.

லாய்டு குழுவுக்குக் கடைசிவரை அந்தப் பீரங்கிக்குழல் கண்ணுல படாது. ரீன் குழுவுக்குக் கோபுரத்துக்குள்ள காவலுக்கு நின்னவங்க யாருன்னு தெரியாது. முதல்ல எதை ஆடினாலும் ரெண்டாவதுல அந்த நாள் வரும்போது வயித்துல ஒரு கலக்கம் இருக்கும். எனக்கு அஷூர் முதல்ல வந்தா கொஞ்சம் கூடப் பிடிக்கும், ஏன்னா அதே கோட்டைக்கு அக்டோபர்ல என்ன ஆகுதுங்கிறதைக் கோல்ட் ஸ்டீல் ஒரு பதிவுக் காட்சியாத்தான் காட்டும். அதுக்குப் பின்னாடி யாருன்னு தெரிஞ்சு பாக்குறது வேற.

கறாரான கோடு கோல்ட் ஸ்டீல் 2-க்கு முன்னாடிதான். 3, 4-ங்கிற பேச்சே வேண்டாம், அங்க லிபெர்ல், கிராஸ்பெல் ஆட்கள் கூட்டமா வருவாங்க. 3-ல முன்கதைச் சுருக்கம் கொடுத்திருக்கான், பேர்களை ஞாபகப்படுத்த உதவும், அதுக்கு மேல இல்ல.

செபித்_கணக்கு

ஸ்கை 1, போஸ் ஆயுதக் கடை வாசல். கையில் மிரா (கேமின் பணம்) இல்லை, எதிரிகள் காசு போடுவதில்லை. இங்கேதான் நிறையப் பேர் திணறுகிறார்கள், கதை மெதுவாகப் போவதால் அல்ல. ஆகவே சில விஷயங்கள்.

எதிரிகள் தருவது செபித் கற்கள் மட்டும். அதை மாற்றித்தான் மிரா. அதே செபித்தால்தான் குவார்ட்ஸ் (சக்திக் கற்கள்) செய்ய வேண்டும், அவற்றை மாட்டும் ஆர்ப்மென்ட் கருவியில் பூட்டிய துளைகளைத் திறக்கவும் வேண்டும். முழுவதையும் விற்றுவிட்டால் அடுத்த ஊரில் துளை திறக்க ஒன்றும் இருக்காது. எது குவிந்து கிடக்கிறதோ அதை மட்டும் விற்கவும்.

கோல்ட் ஸ்டீலிலிருந்து பின்னோக்கி வருகிறவர்கள் சறுக்குவது ஆர்ட்ஸில், அதாவது மந்திரங்களில். அங்கே ஆர்ட்ஸ் குவார்ட்ஸ் ஒன்றைப் பொருத்தினால் அதற்குரிய ஆர்ட் கிடைத்துவிடும். ஸ்கையிலும் கிராஸ்பெல்லிலும் அப்படியில்லை. ஒவ்வொரு குவார்ட்ஸுக்கும் நிலம், நீர், நெருப்பு, காற்று, காலம், வெளி, மாயை என்று மதிப்புகள் உண்டு. ஒரே கோட்டில் இருக்கும் குவார்ட்ஸ்களின் மதிப்புகள் கூடி ஓர் அளவைத் தாண்டினால்தான் ஆர்ட் திறக்கும். ஒலிவியேவுக்குத் துளைகள் எல்லாம் ஒரே கோட்டில், அதனால் பெரிய ஆர்ட்ஸ் அவனுக்குச் சுலபம். அகேட்டுக்குக் கோடுகள் துண்டு துண்டு, அவனை மந்திரவாதியாக்க முயல வேண்டாம், பலம் கூட்டும் குவார்ட்ஸைப் போட்டு முன்னால் நிறுத்துங்கள்.

இதில் வழக்கமாக நடக்கும் கோளாறு: புதிதாக ஒரு நல்ல குவார்ட்ஸ் கிடைக்கிறது, பழைய நிலக் குவார்ட்ஸைக் கழற்றிவிட்டு அதை மாட்டுகிறோம். கூட்டுத்தொகை குறைந்து எர்த் கார்டு பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போகிறது. பாஸ் எதிரியின் முன் நின்று தேடினால் இருக்காது. மாற்றிய ஒவ்வொரு முறையும் ஆர்ட்ஸ் பட்டியலைப் பாருங்கள்.

லெவலுக்காக ஒரே இடத்தில் சுற்றவே வேண்டாம். எதிரியைவிட லெவல் குறைவாக இருந்தால் அனுபவப் புள்ளி கொட்டும், கூடிவிட்டால் ஏறக்குறைய நின்றுவிடும். தோற்கிறீர்கள் என்றால் கோளாறு குவார்ட்ஸில் இருக்கும், லெவலில் அல்ல.

திரையோரத்தில் ஓடும் முறைவரிசையில் சில முறைகளுக்குப் பக்கத்தில் சின்னம் இருக்கும்: உறுதியான கிரிட்டிகல், குணமாதல் என்று. அது எதிரிக்கு விழப்போகிறது என்றால் 100 சிபி (சண்டையில் சேரும் புள்ளி) சேர்ந்த யாரையாவது எஸ்-பிரேக்கால் (முறை வருமுன்பே எஸ்-கிராஃப்ட் அடிப்பது) நடுவில் நுழைத்துப் பறித்துவிடுங்கள். எஸ்-கிராஃப்ட் இருக்கிற சிபி மொத்தத்தையும் தின்னும், 200 சேர்த்து அடித்தால் வலு கூடும். ஆனால் 200-க்காகக் காத்திருந்து எதிரிக்கு கிரிட்டிகலைத் தாரைவார்ப்பது லாபமல்ல.

குவெஸ்ட்: அறிவிப்புப் பலகையில் வருவது பாதி உண்மை. பலகையில் வராமல், ஆளிடம் பேசினால் மட்டும் கிடைப்பவையும் உண்டு. எல்லாவற்றுக்கும் காலக்கெடு. கதை அடுத்த ஊருக்கு நகர்ந்தால் பழைய ஊர் கணக்கு மூடப்படும். முடித்த வேலையை, அதைக் கொடுத்த சங்கத்தில் போய்ச் சொன்னால்தான் புள்ளி. கேமுக்குள் கிடைக்கும் கார்னேலியா நாவலின் 11 பகுதிகளில் ஒன்று தவறினாலும் கடைசியில் கிடைக்கும் ஆயுதம் போச்சு (முதல் பதிவருக்கு அடுத்தவர் பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது). காலிப் பெட்டியைத் திரும்பத் திறந்து பாருங்கள், எக்ஸ்சீட் நிறுவனத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒவ்வொன்றிலும் ஒரு நக்கல் இருக்கும். அதில் பயன் எதுவும் இல்லை.

டர்போ_பட்டன்

கேள்வி எங்க தொடங்குறதுன்னு. நீங்க ஆர்ப்மென்ட் பாடப்புத்தகமே போட்டுட்டீங்க.

ஆனா "கோளாறு குவார்ட்ஸில்" சரி. அதுவே கோல்ட் ஸ்டீல் 3, 4-ல தலைகீழ். பிரேவ் ஆர்டர்னு குழு முழுசுக்கும் வலு கூட்டுற கட்டளை ஒண்ணப் போட்டு எதிரியை பிரேக் நிலைக்குத் தள்ளிட்டா அவன் கையைக் காலை ஆட்டவே முடியாது. அங்க சிரமம் வேணும்னா டிஃபிகல்டியை ஏத்தித்தான் ஆடணும்.

ஸ்ப்ரிகன்_அலுவலகம்

டேபிரேக்கை யாரும் எடுக்கவில்லை. புது நாடு கால்வார்ட், புதுக் கதாநாயகன் வான், களத்தில் நேரடியாக அடித்துவிட்டு ஒரு பொத்தானில் முறைவைத்துச் சண்டைக்கு மாறலாம். இந்த வரிசையில் கை பழகுவதற்கு இதைவிடச் சுலபமான கேம் இல்லை. 2024-ல் ஆங்கிலத்தில் வந்ததிலிருந்து புதியவர்களுக்கு இதைத்தான் நீட்டுகிறார்கள். வானின் கதை மட்டும் போதும் என்பவருக்கு நானும் நீட்டுவேன்.

ஆனால் அதில் ஒரு மாணவர் தலைவி அறிமுகமாகிறாள். முழுப்பெயரோடு. பதினைந்தாம் கதவு எழுதியதைப் படித்துவிட்டு அந்தக் குடும்பப்பெயரைப் பாருங்கள். ஸ்கை 2, 3, ஜீரோ மூன்றும் சேர்ந்து பாடுபட்டு வந்து சேருகிற இடத்தை ஒரு பெயர்ப்பலகையாக எழுதி வைத்திருக்கிறார்கள். முதலில் இதைப் பார்த்தவருக்குப் பிறகு ஸ்கை ஆடும்போது "என்ன ஆகும்" என்ற பதைப்பு போய் "எப்படி ஆகும்" மட்டும் மிஞ்சும். சிலருக்கு அதுவே போதும். எனக்கு அது நஷ்டம்.

வாலிமார்

டர்போ கேட்ட தூண்டில் விஷயத்துக்கு இப்போ ஒரு விடை இருக்கு: 2025 செப்டம்பர் 19-ல வந்த ஸ்கை முதல் அத்தியாயம் ரீமேக். அதே கதை, முழு 3டி, டேபிரேக் மாதிரி ரெண்டு வகைச் சண்டையும் உண்டு. பூனை தேடுறது அதுலயும் இருக்கு, ஆனா நடந்து தேடுறதே பாக்க நல்லாருக்கு.

ஒண்ணு மட்டும் யோசிச்சுட்டு இறங்குங்க. முதல் பாகம் அறுத்து நிறுத்துற இடம் கொடுமையானது, ராணியோட பிறந்தநாள் ராத்திரி. ரீமேக்கோட ரெண்டாம் அத்தியாயம் 2026-க்குன்னு அறிவிச்சாங்க. பொறுமை இல்லாதவங்க 2015-ல ஆங்கிலத்துல வந்த பழைய ஸ்கை 2-க்குத் தாவலாம், கதை அப்படியே ஒட்டும். ஆனா ரீமேக்கோட சேவ் ஃபைலை அது படிக்காது. பழைய 1-ல இருந்து பழைய 2-க்குப் போனா முடித்த சேவ் வச்சு சலுகை கிடைக்கும், ஜீரோவுல இருந்து அஷூருக்கும், கோல்ட் ஸ்டீல் 1-ல இருந்து 2-க்கும் அப்படித்தான். ஒரு ஜோடியைத் தொடங்கினா ரெண்டையும் ஒரே மேடையில வாங்குங்க, ஸ்விட்ச்ல ஒண்ணு பிசியில ஒண்ணுன்னு பிரிச்சா சேவ் கூட வராது. முடிஞ்சதும் வர்ற கிளியர் சேவ் ஃபைலைத் தனி இடத்துல எழுதிக்கோங்க, பழைய சேவ் மேலயே எழுதிட்டா விட்டுப்போன கார்னேலியாவைத் தேடித் திரும்பிப் போக வழி இருக்காது.