டோரு முதல் அலென்டேஜோ வரை: போர்ச்சுகல் ஒயின் தோட்டங்களுக்குக் காரில் போகிறவர்களுக்கு

போர்ச்சுகலின் வடக்கே உள்ள டோரு ஆற்றுப் பள்ளத்தாக்குக்குக் காரில் போகத் திட்டமிடுகிற எல்லோரும் முதலில் கேட்பது, "ஒரு நாளில் எத்தனை தோட்டம் பார்க்கலாம்?" என்பதுதான். இரண்டு. காலை பத்தரைக்கு ஒன்று, மாலை மூன்றரைக்கு ஒன்று. மூன்றாவதைச் சேர்த்தால் மூன்றுமே அரைகுறையாகிவிடும். வரைபடத்தில் ஆற்றங்கரை ஊர்களான ரெகுவாவிலிருந்து பின்யாவுக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான், அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். ஆனால் பல தோட்டங்கள், அதாவது அங்கே கிண்டா என்று சொல்லப்படுபவை, ஆற்றங்கரைச் சாலையை விட்டு மலைமேல் இருக்கும். கடைசி மூன்று நான்கு கிலோமீட்டர் கொண்டை ஊசி வளைவுகளுக்கு இருபது நிமிடம் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். தோட்டம், நிலவறை, சுவைப்பு எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

போர்ட்டோவிலிருந்து ஏ4 நெடுஞ்சாலை, அமராந்த் ஊரைக் கடந்து மராவ் சுரங்கப்பாதை, வில ரியால், அங்கிருந்து ஏ24-இல் தெற்கே இறங்கினால் ரெகுவா. சுமார் ஒன்றரை மணி நேரம். பழைய பயணக் குறிப்புகளை நம்பி ஏ24 சுங்கத்துக்கு எப்படிப் பணம் கட்டுவது என்று குழம்ப வேண்டாம். மராவ் சுரங்கத்துக்கும் ஏ24-க்கும் சுங்கம் 2025 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. அமராந்த் வரையிலான பகுதிக்கு மட்டும் இன்னும் கட்டணம் உண்டு. பச்சை நிறத்தில் 'வி' எழுத்துப் போட்ட தடம் 'வியா வெர்த்' கருவி பொருத்திய வண்டிகளுக்கு மட்டும். கருவி இல்லாமல் அதில் நுழைந்தால் தடுக்கக் கம்பி எதுவும் இருக்காது, பிறகு அபராதமும் வாடகை நிறுவனத்தின் கட்டணமும் சேர்ந்து வரும். கார் எடுக்கும்போதே கருவி இருக்கிறதா, தினசரி எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

கேட்காவிட்டால் கியர் வண்டிதான் கிடைக்கும். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே சொல்ல வேண்டும். பெரிய எஸ்யூவி வேண்டாம். கிண்டாக்களுக்கு ஏறும் வழியில் ஒருபக்கம் கல்சுவர், மறுபக்கம் பள்ளம், எதிரே செப்டம்பரில் திராட்சை ஏற்றிய டிராக்டர். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் முதல் அல்லது இரண்டாம் கியரில் இறங்குங்கள். வழிகாட்டிச் செயலியின் 'குறுக்கு வழி' பல நேரம் கொடிகளுக்கு நடுவே டிராக்டர் போகும் மண்பாதையாக இருக்கும். கிண்டா அனுப்பும் உறுதிப்படுத்தல் மின்னஞ்சலில் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத்தான் செயலியில் போட வேண்டும், பெயரை அல்ல.

இந்தியாவிலோ இலங்கையிலோ பிரிட்டனிலோ ஓட்டிப் பழகியவர்களுக்கு இன்னொன்று. இங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். போக்குவரத்து உள்ள சாலையில் வலப்பக்கம் தவறாது. ஆளே இல்லாத மலைச்சாலைக்குள் தோட்டத்து வாசலிலிருந்து திரும்பும்போதுதான் கை பழைய பக்கத்துக்குப் போகும். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு வாசலிலும் "வலது" என்று வாய்விட்டுச் சொல்வது நல்லது.

*

மேலே சொன்னதோடு, ஓட்டுகிறவர் எவ்வளவு குடிக்கலாம் என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம். போர்ச்சுகலில் வரம்பு ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால். உரிமம் பெற்று மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்கு 0.2. 1.2-ஐத் தொட்டால் அபராதத்தோடு முடியாது, அது குற்ற வழக்கு.

சுவைப்பில் ஒரு கோப்பைக்கு 40 மி.லி. என்று வைப்போம். ஐந்து கோப்பை 200 மி.லி. அது 13.5 சதவீத மேசை ஒயின் என்றால் ஆல்கஹால் சுமார் 21 கிராம். 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு இது 0.43 வரை போகும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 0.7. அதே ஐந்தும் சாராயம் சேர்த்த இனிப்பு ஒயினான 20 சதவீத போர்ட் என்றால் அந்த ஆணுக்கும் 0.6-ஐத் தாண்டும். உடல் மணிக்குச் சுமார் 0.15 தான் குறைக்கும். காலைத் தோட்டத்தில் குடித்தது மாலைத் தோட்டத்தில் குடிப்பதோடு சேர்ந்துகொள்ளும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். சாப்பிட்டால் மெதுவாக ஏறும், ஆனால் அதை நம்பிக் கூடுதலாகக் குடிக்க முடியாது.

ஆகவே ஓட்டுகிறவர் துப்ப வேண்டும். மேசையில் இருக்கும் கலயம் அதற்குத்தான், துப்புவதை அங்கே யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை. ஒயின் தயாரிப்பவர்களே அப்படித்தான் சுவைக்கிறார்கள். இதுவும் வேண்டாம் என்றால் பின்யாவில் இரண்டு இரவு தங்கி வண்டியை நிறுத்திவிடுங்கள். ரயில் நிலையத்திலிருந்து கிண்டா டு போம்ஃபிம், கிண்டா ட ரொயேதா இரண்டுக்கும் நடந்தே போகலாம். இரும்புப் பாலத்தைக் கடந்தால் எதிர்க்கரையில் கிண்டா டஸ் கர்வால்யாஸ்.

*

தோட்டத்துக்குள் நுழைந்ததும் நேரே சுவைப்பு அறைக்குப் போகிறவர்கள் டோருவின் பாதியை விட்டுவிடுகிறார்கள். இங்கே பார்க்க வேண்டியது சரிவு. மண் என்று சொல்லக்கூடியது மிகக் குறைவு, ஷிஸ்ட் என்கிற தகடு தகடாகப் பிளக்கும் பாறைதான். அந்தப் பிளவுகள் ஏறத்தாழ செங்குத்தாக இருப்பதால் மழைநீர் கீழே இறங்கும், வேரும் அதே வழியில் பல மீட்டர் இறங்கும். கோடையில் 40 டிகிரி வெயிலிலும் கொடி பிழைத்திருப்பது இதனால்தான். "ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம்" என்பது அந்த ஊர்க்காரர்களே சொல்லும் சொலவடை.

மலையைப் பார்த்தாலே மூன்று காலம் தெரியும். சாந்து இல்லாமல் அடுக்கிய கல்சுவர்களோடு ஒடுக்கமான படிகள் இருந்தால் அவை பழையவை. சுவர் இல்லாமல் மண்கரையோடு அகலமான படி, ஒவ்வொன்றிலும் ஓரிரு வரிசை கொடி என்றால் 1970-களுக்குப் பிறகு புல்டோசரால் வெட்டியது. படியே இல்லாமல் மேலிருந்து கீழாக நேர்வரிசை ஓடினால் இன்னொரு நவீன முறை. அது சரிவு 35, 40 சதவீதத்துக்குள் இருக்கும் இடத்தில்தான் சரிப்படும், அதற்கு மேல் போனால் டிராக்டர் ஏறாது, மழையில் மண்ணும் அரித்துக்கொண்டு போகும். சுவர் மட்டும் நிற்க, உள்ளே புதரும் ஒலிவ மரமுமாகக் கிடக்கும் படிகளும் கண்ணில் படும். 1860-களில் வந்த ஃபிலாக்ஸெரா பூச்சி வேரைத் தின்று அழித்தபின் மறுபடி நடப்படாமல் விடப்பட்டவை அவை. இப்போதுள்ள கொடிகள் அநேகமாக எல்லாமே அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டியவை. தண்டின் அடியில் அந்த ஒட்டின் முண்டைத் தொட்டுப் பார்க்கலாம்.

போர்ச்சுகலின் அன்றைய அமைச்சர் மார்க்கேஸ் ட பொம்பால் 1756-இல் இந்தப் பகுதிக்கு எல்லை வகுத்தார். அப்போது நட்ட கருங்கல் எல்லைக்கற்கள் சில தோட்டங்களில் இன்னும் நிற்கின்றன, கேட்டால் காட்டுவார்கள். பழைய கொடிப் பாத்தியாக இருந்தால் "இங்கே எத்தனை ரகம் கலந்திருக்கிறது?" என்று கேளுங்கள். தோரிகா நாசியோனல், தோரிகா ஃபிராங்கா, டின்டா ரோரிஸ் என்று இன்று தனித்தனிப் பாத்திகளாக நடுகிறார்கள். பழைய பாத்திகளில் இருபது முப்பது ரகம் ஒன்றாக நின்று, ஒன்றாகவே பறிக்கப்பட்டு, ஒன்றாகவே நொதிக்கும். வழிகாட்டி மனப்பாடம் செய்ததை விட்டுவிட்டு உண்மையாகப் பேச ஆரம்பிப்பது இந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

*

அறுவடைக்குப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். டோருவில் செப்டம்பர் முதல் அக்டோபர் தொடக்கம் வரை. போகலாம், ஆனால் அந்த வாரங்களில் சில கிண்டாக்கள் பார்வையாளர் நேரத்தைக் குறைத்துவிடும். திராட்சை மிதிக்க அனுமதிக்கும் இடங்களில் பல வாரம் முன்பே இடம் நிறைந்துவிடும்.

மிதிப்பது 'லகார்' என்கிற கருங்கல் தொட்டியில். முழங்காலுக்கு மேல் வரை பழம் நிற்கும். முதல் கட்டத்தில் தோளில் தோள் கோத்து வரிசையாக, ஒரே தாளத்தில் இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். அதன் பிறகுதான் பாட்டும் ஆட்டமும். சுற்றுலாப் பயணிகளுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது பகுதிதான் கிடைக்கும். இது வெறும் வேடிக்கைக்காக வைத்திருக்கும் வழக்கம் அல்ல. போர்ட்டுக்கு நொதித்தலை இரண்டு மூன்று நாளிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் குறுகிய நேரத்துக்குள் தோலிலிருந்து நிறமும் சாரமும் இறங்க வேண்டும், அதே சமயம் விதை உடைந்து கசப்பு ஏறக்கூடாது. மனிதப் பாதம் இரண்டையும் செய்கிறது. இப்போது பல இடங்களில் அதே அழுத்தத்தில் இறங்கி ஏறும் இயந்திரங்களும் உண்டு.

காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்காதீர்கள். நொதிக்கும் தொட்டிமேல் குனிந்து முகர வேண்டாம், மேலே தேங்கி நிற்பது கரியமில வாயு, தலைசுற்றி உள்ளே விழும் ஆபத்து உண்டு.

சர்க்கரையில் ஏறக்குறைய பாதி மிச்சமிருக்கும்போது சாற்றை வடித்து, 77 சதவீதத் திராட்சைச் சாராயத்தைச் சேர்ப்பார்கள். மரபான கணக்கு 435 லிட்டர் சாறுக்கு 115 லிட்டர் சாராயம், கூட்டினால் 550 லிட்டர் பீப்பாய் ஒன்று. ஈஸ்ட் செத்துவிடும், இனிப்பு தங்கிவிடும்.

வாங்கும்போது தக்கையைப் பாருங்கள். மேலே பிளாஸ்டிக் குமிழ் வைத்த குட்டைத் தக்கை என்றால் உடனே குடிக்க வேண்டியது, வைத்திருந்து பயனில்லை. முழுதாக அடித்து இறக்கிய நீளத் தக்கை என்றால் படுக்கவைத்துப் பாதுகாக்கலாம். புட்டியில் முதிரும் 'வின்டேஜ்' வகையைத் திறந்தால் இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டும், அடியில் வண்டலும் இருக்கும். பீப்பாயில் வருடக்கணக்காகக் காற்றோடு பழகிய பத்தாண்டு, இருபதாண்டு 'டானி' திறந்தபின் குளிர்பெட்டியில் சில வாரம் தாங்கும். ஒருவர் மட்டுமே குடிக்கும் வீட்டுக்கு டானிதான் என் தேர்வு. கழுத்தில் ஒட்டிய முத்திரைத் தாள் இல்லாத போர்ட்டை வாங்கவே வேண்டாம்.

போர்ட்டோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் காயா நிலவறைகளைப் பயணத்தின் கடைசிக்கு வையுங்கள். கடலோர ஈரக் குளிரில் ஒயின் மெதுவாக முதிரும் என்பதற்காகவே அங்கே கொண்டுபோனார்கள். 1986 வரை காயாவிலிருந்துதான் போர்ட் ஏற்றுமதியாக வேண்டும் என்ற விதியும் இருந்தது. மலையைப் பார்த்தபின் பார்த்தால்தான் அந்தப் பீப்பாய் வரிசைக்கு அர்த்தம் கிடைக்கும்.

*

எல்லோரும் டோருவோடு நிறுத்திவிடுகிறார்கள், தெற்கே உள்ள அலென்டேஜோவையும் சேருங்கள். லிஸ்பனிலிருந்து எவோரா சுமார் 130 கிலோமீட்டர், ஏ6 வழியாக ஒன்றரை மணி நேரம். சமவெளி, நேர்ச்சாலை, ஓட்டுவது சுலபம். அதுவே பொறியும்கூட, ஊருக்கு வெளியே உள்ள சாதாரணச் சாலைகளில் 90 என்ற வேக வரம்பைத் தாண்டியதே தெரியாது. ஜூலை, ஆகஸ்டில் மதிய நேரத் தோட்ட நடைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இங்கே தனிச்சிறப்பு தாழி ஒயின். விதிகெய்ராவும் பக்கத்துக் கிராமமான வில ட ஃப்ராதெஷும் இதற்கு இருதயம். ஆள் உயரத்துக்கு மேலான மண்தாழிகள், பெரியது ஆயிரம் லிட்டருக்கு மேல் பிடிக்கும். உட்புறம் பைன் பிசின் பூசியிருப்பார்கள். நசுக்கிய திராட்சையைத் தோலோடு போட்டதும் நொதித்தலில் தோல் மேலே எழும்பிக் கட்டியாக அடைத்துக்கொள்ளும். அதை மரத்துடுப்பால் தினமும் இரண்டு மூன்று தடவை கீழே அழுத்த வேண்டும். விட்டுவிட்டால் வாயு அடைபட்டுத் தாழியே வெடித்துவிடும். சூடு ஏறினால் வெளிப்புறத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள். நொதித்து முடிந்ததும் தோல் அடியில் படியும், அதுவே வடிகட்டியாகிவிடும். அடிப்பக்கத் துளையில் மரக்குழாய் செருகி, சொட்டுச் சொட்டாகத் தெளிந்து வருவதைப் பிடிப்பார்கள். தாழி திறப்பது நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள். அந்த வாரம் போக முடிந்தால் வேறு எதையும் விட்டுவிட்டுப் போகலாம்.

வழியெங்கும் தக்கைக்காகப் பட்டை உரித்து அடிமரம் செம்பழுப்பான ஓக் மரங்களில் வெள்ளையில் ஓர் எண் எழுதியிருக்கும். உரித்த ஆண்டின் கடைசி இலக்கம் அது. 4 என்றால் 2024, மறுபடி 2033-இல்தான் கத்தி படும், சட்டப்படி ஒன்பது ஆண்டு இடைவெளி. மரம் 25 வயதாகும்போது முதல் உரிப்பு, புட்டிக்குத் தகுந்த தக்கை மூன்றாவது உரிப்பில்தான்.

*

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சில வரிகள். கிராமத்து உணவகத்தில் பச்சைக்கீரை சூப்பில் சொரிசோ பன்றித்தொத்திறைச்சி ஒரு துண்டாவது மிதக்கும், "செம் கார்னி, நெம் பெய்ஷி" என்று சொல்லுங்கள், இறைச்சியும் வேண்டாம் மீனும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டி, ஒலிவம், சீஸ் இலவசம் அல்ல, தொடாவிட்டால் பில்லில் வராது. ஆனால் செர்ரா ட எஷ்த்ரெலா, அஸெய்தாவ் சீஸ்களைத் தாராளமாகத் தொடலாம். அவற்றை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் அல்ல, ஒருவகை முட்செடியின் பூ.

புட்டிகளை டிக்கியில் விட்டுவிட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள். சூட்டில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும், கழுத்தில் பிசுபிசுப்பு தெரிந்தால் அந்தப் புட்டி கெட்டதாகவே வைத்துக்கொள்ளலாம். ஓட்டும்போது ஏசி படும் பின்னிருக்கைத் தரையில் வைத்து, இரவில் அறைக்கு எடுத்துப்போங்கள். விமானத்தில் சரக்குப் பெட்டியில்தான் போக வேண்டும். 24 சதவீதத்துக்குள் இருப்பதால் போர்ட்டுக்கு ஐந்து லிட்டர் கட்டுப்பாடு பொருந்தாது, எடைதான் கணக்கு. நிரம்பிய 750 மி.லி. புட்டி ஒன்றரைக் கிலோ வரை வரும். இந்தியாவில் இறங்குகிறவர்களுக்கு வரியில்லாமல் தலைக்கு இரண்டு லிட்டர், அதாவது இரண்டு புட்டி. மூன்றாவது புட்டி சேர்ந்தால் 2.25 லிட்டர், சுங்கத்தில் சொல்லி வரி கட்ட வேண்டும்.