அப்பாவின் பழைய கம்ப்யூட்டர்: குளோனா, புதிதாக ஏற்றுவதா?

செம்பனைக்காடு (சுங்கை சிப்புட்):
எல்லாருக்கும் வணக்கம். அப்பா 2013-ல வாங்கின கம்ப்யூட்டர். ஐ3-3220 சிப், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. சுவிட்சைத் தட்டிட்டுப் போய்ப் பசியாறிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. அப்பா தோட்டத்துல கிராணியா, அதாவது கணக்கு எழுதறவரா இருந்தவர். லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) இடிக்கறதுக்கு முந்தி அவர் எடுத்த படங்கள், பாட்டி பேசின வீடியோ எல்லாம் இதுல மட்டும்தான் இருக்கு. மாரியம்மன் கோவில் கணக்கு எழுதற ஒரு பழைய மென்பொருளும் இருக்கு. அதோட சிடி தொலைஞ்சு போச்சு, எழுதிக் கொடுத்தவரும் காலமாயிட்டார். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா எஸ்எஸ்டி (சுழலற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போட்டு ராமை 8 ஆக்கணும். ஒண்ணுகூட அழியக்கூடாது. எப்படிச் செய்யறது?

ஈப்போ ஸ்பானர்:
தம்பி, உங்களுக்குக் குளோன்தான் வழி. குளோன்ஸில்லாங்கற மென்பொருள் இலவசம். பென்டிரைவ்ல ஏத்தி, பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகல் எடுங்க. விண்டோஸ், கோவில் கணக்கு, படம் எல்லாம் இருந்த இடத்துலயே இருக்கும். எச்61-ல டிஸ்க்கை மாட்டற சாட்டா வழி விநாடிக்கு 3 ஜிகாபிட்தான், எஸ்எஸ்டியோட முழு வேகம் வராது. ஆனா உங்க மெஷினை இழுக்கறது வேகக் குறைவு இல்ல, ஹார்ட் டிஸ்க் ஊசி அங்கயும் இங்கயும் ஓடித் தேடற நேரம். அது மொத்தமாப் போயிடும். ராம் டிடிஆர்3 கேட்டு வாங்குங்க. டிடிஆர்4 குச்சியில வெட்டு வேற இடத்துல இருக்கும், அழுத்தினாலும் உட்காராது.

இருபது வருச ரிப்பேர்:
நான் ஒத்துக்க மாட்டேன். பன்னிரண்டு வருசம் ஓடின டிஸ்க். குளோன் என்றால் டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் ஒரேயடியாகப் படிக்க வைப்பது. தள்ளாத வயதில் இருப்பவரை மலை ஏறச் சொல்வது மாதிரி. முதலில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு டிஸ்க்கின் உடம்பு எப்படி என்று பாருங்கள். பிறகு படங்களை ஒரு வெளி டிஸ்க்குக்கு எடுங்கள். எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாக ஏற்றுங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். அதில் எதுவும் எழுதாதவரை எதுவும் அழியாது. குளோன் போட்டால் பன்னிரண்டு வருசக் குப்பையும் கூடவே வரும்.

ஈப்போ ஸ்பானர்:
அண்ணே, புதுசா ஏத்தினா கோவில் கணக்கு எப்படி வரும்? போல்டரை மட்டும் நகல் எடுத்தா அந்தக் காலத்து மென்பொருள் நிறைய திறக்காது. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கற ரெஜிஸ்ட்ரி வேணும், அதோட டிஎல்எல்ங்கற துணைக் கோப்புகள் வேணும். சிடி இல்லாத இடத்துல குளோனைத் தவிர வேற கதி இல்ல.

கோலகங்சார் வாசி:
எதுக்கு இவ்வளவு பாடு? விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. மூணாந்தலைமுறை ஐ3, விண்டோஸ் 11 பட்டியலிலேயே இல்ல. இதுல காசைப் போடறதுக்குப் புதுசு வாங்கிடலாம்.

செம்பனைக்காடு:
புதுசு வாங்கலாம் சார். ஆனா அப்பாவுக்கு 71 வயசு. அந்தத் திரையும் அந்த ஐகான்களும்தான் அவருக்குப் பழக்கம். கோவில் கணக்குக்கு இணையமே தேவையில்ல. கேபிளைக் கழற்றிட்டுத்தான் கொடுப்பேன்.

தமிழ்ப்பள்ளி அக்கா:
குளோன் போடறவங்க ஒண்ணைக் கவனிக்கணும். என் தம்பி இதே மாதிரி ரெண்டு டிஸ்க்கை மாட்டி, எது மூலம், எது இலக்குன்னு மாத்திக் கொடுத்துட்டான். காலியான புது டிஸ்க் பழையதுக்கு மேல ஏறிடுச்சு. என் கல்யாண வீடியோ அன்னைக்குப் போனது போனதுதான். ரெண்டும் ஒரே அளவுன்னா திரையில வித்தியாசம் தெரியாது. டிஸ்க் மேல ஒட்டியிருக்கற சீரியல் எண்ணைத் தாள்ல எழுதி வச்சுக்கிட்டு, திரையில வர்ற எண்ணோட ஒப்பிட்டுப் பாருங்க. அதுக்கப்புறம் எண்டர் தட்டுங்க.

இருபது வருச ரிப்பேர்:
இதற்குத்தான் சொன்னேன். குளோன் என்பது காப்புப் பிரதி ஆகாது. குளோன் முடிகிற வரைக்கும் உங்களிடம் இருப்பது ஒரே பிரதிதான்.

செம்பனைக்காடு:
ரிப்பேர் ஐயா சொன்னபடி பார்த்துட்டேன். மஞ்சள் காட்டுது. 'கரண்ட் பெண்டிங் செக்டர்' 24-னு இருக்கு. கை நடுங்குது.

ஈப்போ ஸ்பானர்:
உடனே ஆஃப் பண்ணுங்க தம்பி. படிக்க முடியாம 24 இடம் நிக்குதுன்னு அர்த்தம். இந்த இடத்துல நான் சொன்னதை மாத்திக்கறேன். சாதாரண குளோன் மோசமான இடத்துல தடுக்கி நின்னுடும். விண்டோஸைத் திறக்காம, லினக்ஸ் ஏத்தின பென்டிரைவ்லேர்ந்து மெஷினைத் தொடங்கி (பூட் பண்ணி), பழுதான டிஸ்க்கை நகல் எடுக்கற டிடிரெஸ்க்யூங்கற மென்பொருளை ஓட்டுங்க. அது நல்லாப் படிக்க முடியற இடத்தையெல்லாம் முதல்ல அள்ளிக்கும், முரண்டு பிடிக்கறதைக் கடைசியாத்தான் தொடும். எதுவரைக்கும் முடிஞ்சதுன்னு ஒரு மேப் கோப்புல எழுதி வைக்கும், அதனால நடுவுல நின்னாலும் விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம். மேப் கோப்பை வேற பென்டிரைவ்ல வைங்க. 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்கிடாதீங்க, 500 ஜிபி டிஸ்க் அதுல அடங்காது. 512-ஓ அதுக்கு மேலயோ இருந்தா நிம்மதி.

இருபது வருச ரிப்பேர்:
டிடிரெஸ்க்யூ சரி. ஆனால் படங்களும் வீடியோவும் சேர்ந்து எவ்வளவு இருக்கும்? 40 ஜிபி? அதற்காக 500 ஜிபியையும் படிக்க வைப்பது எனக்குச் சம்மதமில்லை. முதலில் படம், அடுத்து பாட்டி வீடியோ. மற்றது அதற்கப்புறம்.

ஈப்போ ஸ்பானர்:
அண்ணே, கோப்பு கோப்பா எடுத்தா ஊசி டிஸ்க் முழுக்க ஓடும். வரிசையாப் படிக்கறதுதான் அதுக்கு இலகு. சாகப் போற டிஸ்க்குல முழு நகல் முதல்ல, கோப்பெல்லாம் அந்த நகல்லேர்ந்து.

இருபது வருச ரிப்பேர்:
சாகப் போகிற டிஸ்க் பாதியில் செத்தால், உங்கள் வரிசையில் பாட்டி வீடியோ எங்கே இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நான் இதை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. ஒரு வீட்டில் எல்லாவற்றையும் காப்பாற்றப் பார்த்து, அந்தம்மா கேட்ட ஒரே ஒரு படத்தை எடுக்க முடியாமல் தலைகுனிந்து வந்தவன்.

தமிழ்ப்பள்ளி அக்கா:
எந்த வழியில செஞ்சாலும் காலையிலேயே ஆரம்பிச்சிடுங்க தம்பி. மதியத்துக்கு மேல நம்ம பக்கம் இடி இறங்கும், கரண்டு ட்ரிப் ஆகும். மோடம் வயரையும் கழற்றி வைங்க.

செம்பனைக்காடு:
ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பிச்சேன். ஸ்பானர் அண்ணன் கோவிச்சுக்காதீங்க, பாட்டி வீடியோவை மட்டும் முதல்ல வெளி டிஸ்க்குக்கு எடுத்தேன். ஒரே கோப்பு, சில நிமிசம்தான். அப்புறம் எதையும் தொடாம டிடிரெஸ்க்யூ. சீரியல் எண்ணை மூணு தடவை பார்த்துட்டுத்தான் தட்டினேன். பெரும்பகுதி ரெண்டு மணி நேரத்துல வந்துடுச்சு. கடைசி கொஞ்சத்துக்கு மட்டும் சாயங்காலம் வரைக்கும் போராடிச்சு. 12 கேபி வரவே இல்ல.

முதல் தடவை விண்டோஸ் குழம்பிப் போச்சு. பழைய டிஸ்க்கையும் மாட்டியே வச்சிருந்தேன்.

ஈப்போ ஸ்பானர்:
சொல்ல மறந்துட்டேன், என் தப்பு தம்பி. ரெண்டு டிஸ்க்குக்கும் ஒரே கையெழுத்து எண் இருக்கும். பழையதைக் கழற்றிட்டுத்தான் முதல்ல பூட் பண்ணணும்.

செம்பனைக்காடு:
கழற்றினதும் எழுந்துடுச்சு. அரை நிமிசத்துல திரை வந்தது. அப்பா கோவில் கணக்கைத் திறந்து 2014 திருவிழா வரவை வாய்விட்டுப் படிச்சார். படங்களை எஸ்எஸ்டியிலேர்ந்து வெளி டிஸ்க்குக்கு எடுத்துட்டேன், இன்னொரு பிரதி அக்கா வீட்டுக்குப் போகுது. ஒரே ஒரு படம் மட்டும் பாதிக்குக் கீழே சாம்பலா இருக்கு.

இருபது வருச ரிப்பேர்:
படங்களை முதலில் எடுத்திருக்கலாம் என்றுதான் இன்னமும் சொல்வேன். பழைய டிஸ்க்கை வீசிவிடாதீர்கள். எந்தப் படம் தம்பி?

செம்பனைக்காடு:
லயத்து வாசல்ல பக்கத்து வீட்டு ஆயா பால்வாளியோட நிக்கற படம் ஐயா. முகம் தெரியுது, வாளி இல்ல. அவங்க பேத்தி கம்பார்ல இருக்காங்க. அப்பா அந்தக் காலத்துல ஒரு பிரதி கழுவிக் கொடுத்ததா சொல்றார். இந்த வாரம் போய்க் கேட்கப் போறேன்.