தம்பிக்கு மாமன் மகளைப் பேசியிருக்கிறோம்: ஜாதகம் போதுமா, ரத்தமும் பார்க்கணுமா?

குப்பம் ரயிலடி:
விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் கட்டியது எங்கள் பெரியக்கா மகளை. குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது. உட்கார வைத்தால் உட்காருவான், நிறுத்தினால் கால் துணி மாதிரி மடங்கிவிடும். பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலைச் சுத்தியால் தட்டிப் பார்த்தார்கள், உதறலே இல்லை. டாக்டர் டார்ச் அடித்து வாயைத் திறக்கச் சொன்னார். உள்ளே நாக்கு சும்மா இருக்கும்போதே புழு நெளிவது போல நெளிந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ரத்தப் பரிசோதனையில் எஸ்.எம்.ஏ., இரண்டாம் வகை என்று வந்துவிட்டது. முதுகுத்தண்டில் தசையை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய்.

இப்போது சிக்கல் தம்பிக்கு. தாய்மாமன் மகளைப் பேசி முடித்தாயிற்று, தையில் கல்யாணம். தம்பிக்கும் ரத்தம் பார்க்கச் சொல்கிறார் டாக்டர். "பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" என்று அம்மா அழுகிறார். இதற்கு நடுவே ஒரு லேப்காரர் வீடு தேடி வந்து, மூளைக்கான ஜீன் பேக்கேஜ் எடுத்தால் மறதி நோய், மனச்சோர்வு எல்லாம் இப்போதே தெரியும் என்கிறார். எதைச் செய்வது, எதை விடுவது?

பரதராமி மாந்தோப்பு:
குழந்தையை நினைத்தால் மனசு கனக்கிறது தம்பி. ஆனால் இதற்காகச் சொந்தத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். நானும் அக்கா மகளைக் கட்டியவன்தான், மூன்று பிள்ளைகளும் கல்லு மாதிரி இருக்கிறார்கள். கேரளாவில் யாரும் அக்கா மகளைக் கட்டுவதில்லையே, 2021இல் கண்ணூர்ப் பக்கம் மாட்டூலில் இதே நோய்க் குழந்தைக்கு 18 கோடி ரூபாய் மருந்து வேண்டும் என்று ஊரே கை நீட்டியதே, அது எப்படி வந்தது? ஜனங்கள் 46 கோடிக்கு மேல் கொட்டினார்கள், அது வேறு கதை.

நான் மாங்கன்று ஒட்டுக் கட்டுகிறவன். நல்ல பெங்களூரா மரத்துக் குச்சியைத்தான் திரும்பத் திரும்ப ஒட்டுகிறோம், காய் மாறுவதே இல்லை. ரத்தம் எடுப்பவர்களையும் பார்த்துவிட்டேன். சில வருஷம் முன்பு எங்கள் பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து ஆராய்ச்சி என்று ஆளுக்கு ஒரு குழாய் ரத்தம் எடுத்தார்கள். ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்கள். இன்றுவரை ஒரு தாள் வரவில்லை.

ஊதாமூடி:
ஐயா, நான் வேலூரில் லேப்பில் இருக்கிறவன். நாள் முழுக்க ஊதா மூடி போட்ட குழாயோடுதான் வாழ்க்கை, பெயரும் அதனால்தான். உங்கள் மாமர உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஒட்டுக் கன்று தாய் மரத்தின் நகல். பிள்ளை நகல் இல்லை, அது கொட்டையிலிருந்து முளைப்பது. பெங்களூராக் கொட்டையைப் போட்டால் பெங்களூராவே வருமா? உங்களுக்குத் தெரியாததா.

எஸ்.எம்.ஏ.வுக்குக் காரணமான எஸ்.எம்.என்.1 ஜீனை 1995இல் கண்டுபிடித்தார்கள். ஐந்தாவது குரோமோசோமில் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு பிரதி. ஒன்று பழுது, ஒன்று நல்லது என்றால் அவருக்கு ஒன்றும் ஆகாது, நூறு வயது வாழலாம். இப்படிப் பழுதைச் சுமப்பவர்கள் சுமார் ஐம்பது பேரில் ஒருவர். கேரளாவிலும் உண்டு, ஐரோப்பாவிலும் உண்டு. மாட்டூல் கேள்விக்குப் பதில் அதுதான்: சொந்தம் இந்த நோயை உண்டாக்குவதில்லை. இரண்டு பழுதுகள் சந்திக்கிற வாய்ப்பைத்தான் கூட்டுகிறது. கணக்குப் போட்டால், சம்பந்தமில்லாத இருவருக்குப் பிறக்கும் குழந்தைக்கு 10,000இல் 1. அத்தை மகன், மாமன் மகள் என்றால் ஏறக்குறைய 1,400இல் 1. தாய்மாமன், அக்கா மகள் என்றால் 750இல் 1. அப்படிக் கட்டிய 749 வீடுகளில் பிள்ளை நன்றாகத்தான் இருக்கும், உங்கள் வீடு மாதிரி. மற்ற ஒரு வீடுதான் இங்கே வந்து கேட்கிறது.

குப்பம் தம்பிக்கு: அந்தப் பழுதுப் பிரதி பெரும்பாலும் உங்கள் அம்மா வழியாகவோ நைனா வழியாகவோ வந்து, அண்ணனுக்கும் அக்காவுக்கும் பிரிந்து போய், அக்கா மகள் வழியாகத் திரும்பி வந்து ஒன்று சேர்ந்திருக்கும். தம்பியிடம் அது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அம்மா வழி என்றால் மாமாவிடமும் இருக்கலாம், அவர் மகளிடமும் இருக்கலாம். அதனால் எல்லோரையும் வரிசையில் நிற்கவைக்க வேண்டாம். தம்பிக்கு மட்டும் முதலில் எடுங்கள். அவரிடம் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடலாம், பெண்ணைத் தொடவே வேண்டாம். போகும்போது அண்ணன் ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். இந்தச் சோதனை பிரதிகளை எண்ணும், அவ்வளவுதான். ஒருவருக்கு அம்மா, அப்பா இருவரில் ஒருவர் தந்த குரோமோசோமில் இரண்டு பிரதியும் மற்றவர் தந்ததில் ஒன்றும் இல்லாமலும் இருந்தாலும் எண்ணிக்கை இரண்டு என்றே வந்து ஏமாற்றும். குடும்பத்து ரிப்போர்ட்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் அது பிடிபடும்.

நகரி தறி:
ஊதாமூடி அண்ணா சொன்ன வரிசையை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன். பையனுக்கு முதலில் எடுங்கள். எங்கள் தெருவில் எதுவானாலும் "அவ வயித்துல கோளாறு" என்றுதான் முடியும். ரிப்போர்ட்டில் பெண் பெயர் வந்துவிட்டால் அந்தப் பெண்ணை அப்புறம் யார் கேட்பார்கள்? பிறகு அவள் தங்கைக்கு?

கே.ஜி.எஃப். பேரன்:
லேப்காரர் பேக்கேஜைப் பற்றி யாரும் பேசவில்லையே. வாங்காதீர்கள். எஸ்.எம்.ஏ. ஒரே ஜீன் நோய், அதில் ஆம் இல்லை என்று சொல்ல முடியும். மனநோய்கள் அந்த ரகம் இல்லை. 2022இல் நேச்சர் இதழில் வந்த மனச்சிதைவு ஆய்வில் 76,755 நோயாளிகளின் மரபணுவைப் பார்த்தார்கள், 287 இடங்களில் தடயம் கிடைத்தது. ஒவ்வொன்றும் தனியாகக் கூட்டுவது தூசி அளவு. அத்தனையையும் கூட்டி மதிப்பெண் போட்டாலும், ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி, மிச்சத்தில் பெரும்பகுதி கிழக்காசியா. அவர்களை வைத்துச் செய்த அளவுகோலைக் குப்பத்துக்காரன் மேல் வைத்தால் அளவு தப்பும். இது ஆராய்ச்சி செய்கிறவர்களே ஒப்புக்கொள்கிற குறை. மறதி நோய்க்கு ஏ.பி.ஓ.ஈ. என்று ஒன்று சொல்வார்கள். 1993இலேயே தெரிந்ததுதான், அதில் நான்காம் வகை இருந்தால் வாய்ப்பு கூடும். ஆனால் இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு, இல்லாமலே வந்தவர்களும் உண்டு. முப்பது வயதில் அதைத் தெரிந்துகொண்டு உங்கள் அண்ணன் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்வார்?

மாந்தோப்பு ஐயாவிடமும் ஒன்று. ரத்தம் எடுத்தார்கள், தாள் வரவில்லை என்ற கோபம் நியாயம்தான். அதற்காக நம் ஆட்கள் ரத்தமே கொடுக்காமல் இருந்தால் அளவுகோல் என்றைக்கும் அவர்களுடையதாகவே இருக்கும். எங்கள் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்தில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம் 45 வயது தாண்டிய கிராமத்து ஜனங்களைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்து வருகிறது. 10,000 பேர் இலக்கு. ரத்தம், ஞாபகச் சோதனை, ஸ்கேன் எல்லாம் உண்டு. நாட்டு அளவிலும் 10,074 பேருடைய முழு மரபணுத் தரவை 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். 140 கோடிக்கு அது ஒரு கைப்பிடி என்பீர்கள். ஒரு கைப்பிடியாவது இருக்கிறதே.

கோட்டா வாசல்:
மாந்தோப்பு அண்ணா, நாங்கள் வி.கோட்டாவில் மளிகைக் கடை வைத்திருக்கிற ஆரிய வைசியக் குடும்பம். என் நைனாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். மயக்க டாக்டர் வந்து நாடி பார்த்தார், பல்லைப் பார்த்தார், அப்புறம் சாதாரணமாக "நீங்க கோமுட்டிகளா?" என்றார். நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது, ஆபரேஷனுக்குச் சாதி எதற்கு என்று. டாக்டர் உட்கார்ந்து விளக்கினார். தசையைத் தளர்த்த ஒரு ஊசி போடுவார்களாம், சக்சினில்கோலின். மற்றவர்களுக்குச் சில நிமிஷத்தில் தெளிந்துவிடும். எங்கள் ஆட்களில் சிலருக்கு அதை உடைக்கும் நொதி இல்லாததால் மணிக்கணக்கில் மூச்சுத் தசைகூட அசையாமல் கிடப்பார்களாம். நைனாவுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள்.

கவனியுங்கள், என் அம்மாவும் நைனாவும் சொந்தமே இல்லை. மாமன் மகளைக் கட்டாவிட்டாலும், ஒரே சாதிக்குள் ஆயிரம் வருஷம் கட்டினால் ஆரம்பத்தில் இருந்த சிலருடைய பழுது பலருக்கும் பரவிவிடுகிறது. ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆராய்ச்சி நிறுவனத்தின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரெய்க்கும் சேர்ந்து 2017இல் எழுதிய கட்டுரையில் 263 தெற்காசியக் குழுக்களைப் பார்த்தார்கள். 81 குழுக்களில் இந்த விளைவு இதற்குப் பேர்போன பின்லாந்துக்காரர்களையும் ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசி யூதர்களையும் விடப் பலமாக இருந்தது. யூதர்கள் இதைத் தெரிந்துகொண்டு கல்யாணத்துக்கு முன்பே பரிசோதனை செய்து டே-சாக்ஸ் என்ற குழந்தை நரம்பு நோயைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டார்கள். நாம் நட்சத்திரப் பொருத்தத்தோடு நிற்கிறோம்.

நகரி தறி:
இதுதான் எனக்கு இடிக்கிறது. சாதிச் சான்றிதழை ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் கொண்டுபோகிறீர்கள். இன்றைக்கு மயக்க ஊசி, நாளைக்கு "இந்தச் சாதிக்கு மூளைக் கோளாறு அதிகம்" என்று இன்சூரன்ஸ்காரன் சொல்வான். ஆயிரம் வருஷம் உள்ளுக்குள்ளேயே கட்டியதால் வந்த வினை என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் மருந்து வெளியே கட்டுவது. அதைச் சொல்ல மட்டும் எந்த விஞ்ஞானிக்கும் வாய் வராது.

கோட்டா வாசல்:
வெளியே கட்டினால் இந்த வகை நோய்கள் குறையும், மறுக்கவில்லை. அதற்கு எத்தனை தலைமுறை ஆகும் அக்கா? அதுவரைக்கும் நைனா மேஜையில் படுத்திருக்கிறாரே.

நகரி தறி:
நைனாவுக்கு நொதிச் சோதனை செய்யட்டும். ஒரு ரத்தச் சோதனைதானே. சாதியைக் கேட்பது அந்தச் செலவை மிச்சம் பிடிக்கிற குறுக்குவழி.

ஊதாமூடி:
அக்கா சொல்வதில் பாதி சரி. இங்கே பல ஆஸ்பத்திரிகளில் அந்தச் சோதனை கிடையாது, வெளியே அனுப்பிக் காத்திருக்க வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அவசரக் கேஸ் வந்தால் கேட்கத்தான் செய்வார்கள். இந்தச் சண்டை இங்கே தீராது.

பரதராமி மாந்தோப்பு:
சரி, எல்லாம் கேட்டேன். கொட்டை விஷயத்தில் தோற்றேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கண்டுபிடித்து என்ன செய்யப்போகிறீர்கள்? மருந்து 18 கோடி. குப்பத்துக்காரர் எங்கே போவார்? தெரியாமல் இருந்தால் கல்யாணமாவது நிம்மதியாக நடக்கும்.

ஊதாமூடி:
18 கோடி என்பது சோல்ஜென்ஸ்மா, 2019இல் அமெரிக்காவில் வந்த ஒரே தவணை ஜீன் மருந்து. அது ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். எஸ்.எம்.என்.2 என்று உடம்பிலேயே ஒரு மாற்று ஜீன் இருக்கிறது. அது வேலை செய்யும், ஆனால் பத்தில் ஒரு பங்குதான் ஒழுங்கான புரதம் தரும். அந்த அரைகுறையைத் திருத்தி அதிகம் தரவைப்பதுதான் ரிஸ்டிப்ளாம் என்ற வாய்வழி மருந்து. பாட்டில் ஆறு லட்சத்துக்கு மேல் விற்றது. காப்புரிமை வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்ததும், 2025 அக்டோபரில் ஐதராபாத் நாட்கோ 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. இரண்டு வயது தாண்டிய பத்துக் கிலோக் குழந்தைக்கு ஒரு பாட்டில் மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். வருஷத்துக்கு இரண்டரை லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோ வரை எடை ஏற ஏறச் செலவும் ஏறும், அந்த எடையில் ஒரு பாட்டில் பன்னிரண்டே நாள்.

கே.ஜி.எஃப். பேரன்:
செத்த நரம்பணுவை அது எழுப்பாது என்பதையும் சொல்லிவிடுங்கள். இருப்பதைக் காப்பாற்றும், அதனால் சீக்கிரம் தொடங்கினவனுக்குத்தான் லாபம். பிறந்த உடனே தெரிந்தால் கதையே வேறு. மாந்தோப்பு ஐயாவின் "தெரியாமல் இருந்தால் நிம்மதி" இந்த இடத்தில்தான் தடுக்கிறது. எல்லா நரம்பு நோய்க்கும் இப்படி மருந்து வந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். இளம் வயதில் காதும் கேட்காமல் கைகாலும் மெலியும் ஒரு நோயைச் சென்னை டாக்டர்கள் 1970இல் எழுதினார்கள், பேரே மதராஸ் நரம்பணு நோய். நம் பக்கத்து நோய். அதற்குத் தீர்வு தரும் மருந்து இன்னும் இல்லை.

பரதராமி மாந்தோப்பு:
இரண்டரை லட்சம் என்பது எங்கள் தோப்பில் நல்ல வருஷத்து மகசூல். கெட்ட வருஷத்தில் மாங்காயை ரோட்டில் கொட்டுகிறோம். பதினைந்தாயிரம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள்.

குப்பம் ரயிலடி:
அண்ணன் பாட்டிலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், அக்கா வீட்டு நகை வங்கிக்குப் போகிறது. லேப்காரரை அனுப்பிவிட்டேன்.

அப்புறம், தம்பி யாரிடமும் சொல்லாமல் காலை ரயிலில் காட்பாடி போய் இறங்கி, வேலூரில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். முழங்கை மடிப்பில் பிளாஸ்திரியைப் பார்த்துத்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. மூன்று நாளாகப் பேசவில்லை, சோறு மட்டும் தட்டில் வந்து விழுகிறது. ரிசல்ட் வர இன்னும் நாள் ஆகும். அதற்குள் மாமா வீட்டில் சொல்லிவிடணுமா, வந்த பிறகு சொல்லலாமா?

பரதராமி மாந்தோப்பு:
வந்த பிறகு. இல்லையென்று வந்தால் சொல்லவே வேண்டாம்.

நகரி தறி:
இப்போதே. அந்தப் பெண்ணிடம் நேராக.

குப்பம் ரயிலடி:
இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மாமா போன் செய்தார். பந்தல்காரனுக்கு முன்பணம் கொடுத்துவிடலாமா என்று. ஒரு வாரம் பொறுங்க மாமா என்றேன். ஏன்டா என்றார். பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன், போனில் சொல்கிற விஷயமில்லை.