சுவர்ல இருந்து சுவர் வரை 18 மீட்டர்

குழு: பெங்களூரு அல்சூர் மார்க்கெட் தெருக்காரங்க

ரேவதி, காலை 7:40
வணக்கம். நம்ம தெருவை எப்படி மாத்தி அமைக்கணும்னு வியாழக்கிழமை வார்டு ஆபீஸ்ல கொடுக்க வேண்டிய வரைபடத்தை இன்னிக்கே முடிவு பண்ணிடலாம். அளந்தாச்சு: சுவர்ல இருந்து சுவர் வரை 18 மீட்டர். வழக்கமா நடுரோட்டுல ஆரம்பிச்சு வண்டிக்கு வேணுங்கறதை எடுத்துக்கிட்டு, மிச்சம் மீதியை நடைபாதைக்கு விடுவாங்க. நாம சுவரோரத்துல இருந்து உள்ளே வரணும். முதல்ல நடக்கிறவங்க, அப்புறம் பஸ், அப்புறம் சைக்கிள், கடைசியாத்தான் பார்க்கிங்.

அன்வர் பாய், 7:52
பார்க்கிங் மொத்தமா போயிடுமாம்மா? கடைக்கு லோடு எறக்கணுமே.

ரேவதி, 8:05
ரெண்டு விதமா போட்டுப் பார்த்தேன் பாய்.

முதல் விதம்: ரெண்டு பக்கமும் 3 மீட்டர் நடைபாதை, 2 மீட்டர் சைக்கிள் பாதை, சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல 0.7 மீட்டர் தடுப்பு. பஸ் போக வர 3.3 மீட்டர்ல ரெண்டு லேன். 18 முடிஞ்சுது, லோடு வண்டிக்கு ஒரு அடிகூட மிஞ்சல.

ரெண்டாவது: சைக்கிளுக்குத் தனிப் பாதை இல்ல, ஆனா வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்ட முடியாதபடி தெருவையே அமைக்கணும். நடைபாதை பக்கத்துக்கு 4.7 மீட்டர். அதுல கடை வாசலுக்கு 1 மீட்டர், நடக்க 2.5, மரம், விளக்குக் கம்பம், தள்ளுவண்டிக்கு 1.2. ரெண்டு லேனுக்கு 6.6. மீதி 2 மீட்டர் ஒரு பக்கம் லோடு எறக்க. வியாபாரப் பகுதியில நடக்க மட்டும் குறைஞ்சது 2.5 மீட்டர் வேணும்னு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸோட நடைபாதை வழிகாட்டி, ஐ.ஆர்.சி. 103 (2012), சொல்லுது, அதுக்கும் சரியா வருது. எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது. 30 மீட்டர் அகல ரோடா இருந்தா தனி சைக்கிள் பாதை இல்லாம ஒத்துக்கவே மாட்டேன்.

செல்வி அக்கா, 8:11
பூக்கூடை, கீரைக் கூடை வைக்கிறவங்களை எங்கே அனுப்புவாங்க?

ரேவதி, 8:14
எங்கேயும் அனுப்பக் கூடாதுக்கா. அந்த 1.2 மீட்டர்ல மரத்துக்கும் மரத்துக்கும் நடுவுல இடம் குறிச்சுக் கொடுக்கணும். 2014 தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கு. வரைபடத்துல இடம் காட்டலைன்னா நடக்கிற 2.5 மீட்டர்லதான் வந்து உட்காருவாங்க. அப்புறம் அவங்க மேலயே பழி வரும்.

ஜோசப் அங்கிள், 8:30
பஸ் ஸ்டாப்புக்கு ரோட்டைக் குடைஞ்சு உள்ளே இடம் ஒதுக்க வேண்டாம். உள்ளே போன பஸ் திரும்ப வெளியே வர யாரும் வழி விடறதில்ல, ஒவ்வொரு ஸ்டாப்பிலயும் நேரம் போகும். அதனால டிரைவர் நடுரோட்டுலயே நிறுத்துவார், ஜனங்க ஓடிப்போய் ஏறுவாங்க. நடைபாதையை லோடு வரிசை அளவுக்கு வெளியே நீட்டுங்க. பஸ் தன் லேன்லயே நிக்கட்டும். ஸ்டாப்பை சிக்னல் தாண்டி வைங்க. முன்னாடி வச்சா பச்சை விழுந்தும் ஆள் ஏத்திக்கிட்டு நிக்கணும்.

அன்வர் பாய், 8:36
பின்னாடி கார் எல்லாம் காத்துக்கிட்டு நிக்குமே அங்கிள்?

ஜோசப் அங்கிள், 8:41
நிக்கும், கொஞ்ச நேரம். கணக்குப் பாருங்க பாய்: நிமிஷத்துக்கு ஒரு பஸ், ஒவ்வொண்ணுலயும் 50 பேர்னா மணிக்கு 3,000 பேர். அதே லேன்ல 800 கார், காருக்கு ஒண்ணரை ஆள்னா 1,200 பேர்தான். 2019ல சில்க் போர்டுல இருந்து டின் ஃபேக்டரி வரை பஸ்ஸுக்குத் தனி லேன் விட்டாங்க. அது அகலமான ரிங் ரோடு. நம்ம தெருவுல தனி லேனுக்கு இடமில்ல, அதனால ஸ்டாப்புலயாவது பஸ்ஸுக்கு முதல் உரிமை வேணும்.

முருகேசன் அண்ணா, 9:15
அகலம் மட்டும் எழுதிக் கொடுத்தா போதாது ரேவதி. உயரத்தையும் எழுது. ஓரக்கல் 150 மில்லிமீட்டருக்கு மேல வேண்டாம். இங்க நடைபாதைன்னா சாக்கடை மேல போட்ட கல் மூடிதானே, அதனாலதான் சில இடத்துல முழங்கால் உயரம் ஏறி இறங்க வேண்டியிருக்கு. கல்லு உடைஞ்சா நேரா சாக்கடைக்குள்ளதான்.

தார் போடும்போது பழசைச் சுரண்டி எடுத்துட்டுப் போடணும்னு டெண்டர்லயே இருக்கணும். ஒரு தடவைக்கு 40 மில்லிமீட்டர் மேல மேல போட்டா, மூணாவது தடவையில 150 இருந்த ஓரக்கல் 30 ஆயிடும். பைக் சுலபமா ஏறிடும், மழைத்தண்ணி கடைக்குள்ள வரும்.

ரேவதி, 9:20
ரொம்ப முக்கியம் அண்ணா, சேர்த்துட்டேன். வீட்டு கேட் கிட்ட?

முருகேசன் அண்ணா, 9:33
அங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. ஒவ்வொரு கேட்டுக்கும் நடைபாதையை இறக்கினா, வீல்சேரும் வயசானவங்களும் வீட்டுக்கு வீடு இறங்கி ஏறணும். நடைபாதை மட்டமா ஓடணும். சரிவு வெளி ஓரத்துல, அந்த 1.2 மீட்டருக்குள்ள முடியட்டும், கார்தான் ஏறி வரணும். கார் ஏறுற இடத்துல 80 மில்லிமீட்டர் பேவர் (தரையில பதிக்கிற கல்), மத்த இடத்துல 60 போதும். பேவர் அமுங்கினா கல்லைக் குறை சொல்லாதீங்க. கேபிளுக்குத் தோண்டின பள்ளத்துல மண்ணை மொத்தமாக் கொட்டி மூடியிருப்பாங்க, அடுக்கடுக்காத் திமிசு போட்டிருக்க மாட்டாங்க. ரெசிடென்சி ரோட்டுல டெண்டர்ஷ்யூர்னு ரோட்டை முழுசா மாத்திக் கட்டுற திட்டத்துல வேலை பண்ணினப்போ கேபிள், குழாய் எல்லாத்துக்கும் நடைபாதைக்கு அடியில தனித்தனிப் பாதை விட்டு, மூடி வச்ச சேம்பர் கட்டினாங்க. அதையே கேளுங்க.

இன்னொண்ணு, தண்ணி இறங்குற இரும்புச் சட்டத்தோட கம்பி ரோட்டுக்குக் குறுக்கே இருக்கணும். நீளவாக்குல வச்சா சைக்கிள் டயர் கம்பி நடுவுல இறங்கி, ஆள் ஹேண்டில் மேல விழுவார்.

ரேவதி, 9:41
வேகத்தைக் குறைக்க பக்கத்துத் தெரு ஒவ்வொண்ணும் சேர்ற இடத்துல ரோட்டை நடைபாதை மட்டத்துக்கு 150 மில்லிமீட்டர் தூக்கிடலாம். பஸ் போறதால ஏற்றம் நீளமா, 1.8 மீட்டர் இருக்கட்டும். முனை வளைவோட ஆரம் 4 மீட்டர் போதும். பெருசா வளைச்சா ஆட்டோ வேகம் குறையாமத் திரும்பும்.

செல்வி அக்கா, 9:48
பூப்பல்லக்கு வர்றப்போ கம்பம் கிம்பம் நடுவுல நிக்கக் கூடாது.

முருகேசன் அண்ணா, 9:52
முனையில வைக்கிற குத்துக்கம்பத்தை எல்லாம் பூட்டு போட்டுக் கழட்டுற மாதிரி வச்சுடலாம் செல்வி. இடைவெளி 1.2 மீட்டர் விடணும், வீல்சேர் போகணுமில்ல. ஆனா அது காரைத்தான் தடுக்கும், பைக்கைத் தடுக்காது. அதுக்கு போலீஸ் அபராதம் போட்டாத்தான் உண்டு.

அன்வர் பாய், 10:05
சரிம்மா, லோடு நேரம் காலை 10க்கு முன்னாடின்னு போர்டு வைக்கச் சொல்லு. கடைக்காரங்க கையெழுத்தை நான் வாங்கித் தர்றேன்.

ரேவதி, 10:09
ரொம்ப நன்றி பாய். நாளைக்குக் காலையில 6 மணிக்கு ஸ்டாப் முன்னாடி 20 மீட்டருக்குச் சுண்ணாம்புப் பொடியில கோடு போட்டுப் பார்ப்போம். 6:20 பஸ் திரும்பறப்போ பின் சக்கரம் கோட்டை மிதிக்குதான்னு பார்த்துட்டு வரைபடத்தைத் திருத்தறேன். அண்ணா, 30 மீட்டர் டேப் கொண்டு வாங்க.

முருகேசன் அண்ணா, 10:11
கொண்டு வர்றேன். பொடி 5 கிலோ வாங்கு, 2 கிலோ பத்தாது.